மருந்தால காது போகுமா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

நான் ஆடியாலஜிஸ்ட். மருந்து எழுதுற டாக்டர் இல்ல, மருந்து போட்டதுக்கு அப்பறம் காது என்ன நெலமைல இருக்குனு அளந்து சொல்ற ஆளு. டெஸ்ட்டுக்கு வர்றவங்க, கூட வர்ற வீட்டுக்காரங்க எல்லாரும் சுத்தி சுத்தி இதே கேள்விங்களதான் கேக்குறாங்க, அதான் ஒரே எடத்துல எழுதிட்டேன். உங்க டாக்டர் சொல்றதுக்கு பதிலா இத வெச்சுக்காதீங்க, அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க படிங்க.

நெசமாவே மருந்தால காது போகுமா, இல்ல சும்மா பயமுறுத்துறாங்களா?

போகும். எல்லா மருந்தாலயும் இல்ல, சில மருந்தால. இது இன்னிக்கு நேத்து தெரிஞ்ச விஷயமும் இல்ல. அமெரிக்கால ரட்கர்ஸ்ல வாக்ஸ்மன் லேப்ல ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943ல ஸ்ட்ரெப்டோமைசின கண்டுபிடிச்சாரு, டிபிக்கு மொத மொதல்ல வேல செஞ்ச ஆன்டிபயாடிக் அதுதான். 1945லயே மயோ கிளினிக் டாக்டருங்க ஹின்ஷாவும் ஃபெல்ட்மனும் இந்த ஊசி போட்டவங்களுக்கு பேலன்ஸ் போகுதுனு எழுதிட்டாங்க, பேலன்ஸ் உறுப்பும் உள்காதுலதான் இருக்கு. அதாவது உயிர காப்பாத்துறதும் காத கெடுக்குறதும் ஒரே மருந்துனு ஆரம்பத்துலயே தெரியும், தெரிஞ்சேதான் குடுத்தாங்க, ஏன்னா அப்ப டிபிக்கு வேற வழி இல்ல.

எந்தெந்த மருந்துனு சொல்லுங்க

முக்கியமா மாட்டுறது "மைசின்" குடும்பத்து ஊசிங்க சிலது, அமினோகிளைகோசைட்னு சொல்லுவாங்க: ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின், கானாமைசின், டோப்ராமைசின். இதுல ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் பேலன்ஸ அதிகமா அடிக்கும், அமிக்காசினும் கானாமைசினும் கேக்குற சக்திய அதிகமா அடிக்கும். அதுக்கப்பறம் கேன்சருக்கு குடுக்குற சிஸ்பிளாட்டின். கால் வீக்கம், இதயக் கோளாறு, கிட்னி பிரச்சனைக்கு போடுற லாசிக்ஸ், அதுவும் நரம்புல பெரிய டோஸ வேகமா ஏத்துனா. மலேரியாக்கு குயினைன். ரொம்ப அதிக டோஸ்ல ஆஸ்பிரின். நரம்புல போடுற எரித்ரோமைசின், வான்கோமைசின் இதெல்லாம் எப்பவாவது, அதுவும் கிட்னி சரியில்லாதவங்களுக்கு இல்ல காத கெடுக்குற வேற மருந்தோட சேந்து போறப்ப.

பேர்ல மைசின்னு வந்தாலே பயப்படாதீங்க. அசித்ரோமைசின் மாத்திரை 3 நாள் சாப்பிட்டா யாருக்கும் பொதுவா ஒண்ணும் ஆகாது, அது வேற குடும்பம். மாசக்கணக்குல சாப்பிடுறவங்க மட்டும் கவனிச்சா போதும்.

காதுக்குள்ள என்னதான் ஆகுது?

உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, காக்ளியா. அதுக்குள்ள ஒரு காதுக்கு சுமார் 15,000 மயிர்செல் இருக்கு, அதுல 3,500 கிட்ட உள்வரிசை, மீதி வெளிவரிசை. சத்தத்த கரண்ட்டா மாத்தி நரம்புக்கு அனுப்புறது இதுங்கதான். இந்த ஊசி மருந்து ரத்தத்துலருந்து உள்காது தண்ணிக்குள்ள போயி, மயிர்செல்லோட தலைல இருக்கிற சின்ன ஓட்ட வழியாவே உள்ள நுழைஞ்சிடுது, அதாவது சத்தம் கேக்குறதுக்காக தொறக்குற அதே கதவு வழியா. உள்ள போன மருந்து லேசுல வெளிய வராது, அங்கயே தங்கி செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவ கெடுத்து நச்சு ஆக்ஸிஜன உண்டாக்கி செல்ல சாகடிச்சிடும். கிட்னி மருந்த கழுவி அனுப்பிடுச்சு, ரத்தத்துல இல்ல, ஆனா காதுல இன்னும் இருக்கு. அதனாலதான் ஊசி நிறுத்தி சில வாரம், ஏன் சில மாசம் கழிச்சுக்கூட காது கொறையும்.

சேதம் காக்ளியாவோட வாசல் பக்கத்துல ஆரம்பிக்கும், அங்கதான் கீச்சு சத்தம் கேக்குற செல்லுங்க இருக்கு. அதனால மொதல்ல போறது ரொம்ப உச்சஸ்தாயி சத்தம், தினப்படி வாழ்க்கைல அது போனதே தெரியாது. தெரியுறப்போ சேதம் பேச்சு கேக்குற பகுதி வரைக்கும் எறங்கி வந்திருக்கும்.

காய்ச்சல், இன்ஃபெக்ஷன், உடம்புல வீக்கம் இருக்கறப்ப இந்த மருந்து காத அதிகமா கெடுக்குமா?

இதத்தான் யாரும் சரியா கேக்குறதில்ல, கேட்டா நல்ல கேள்வி. ஆமா, கெடுக்கும்னு நம்ப நல்ல காரணம் இருக்கு.

யோசிச்சு பாருங்க, நல்லா இருக்கிற ஆளுக்கு யாரும் அமிக்காசின் போடுறதில்ல. ரத்தத்துல கிருமி, நிமோனியா, கிட்னி இன்ஃபெக்ஷன், செப்சிஸ் (இன்ஃபெக்ஷனால உடம்பு முழுக்க மோசமா பாதிக்கிறது) இப்படி உடம்பு முழுக்க அழற்சில, அதாவது உள்வீக்கத்துல, கொதிச்சிட்டு இருக்கறப்பதான் போடுறாங்க. ஆனா இந்த மருந்து காத எவ்ளோ கெடுக்கும்னு பாத்த பழைய ஆராய்ச்சில பெரும்பாலானது ஆரோக்கியமான எலி, கினிப்பன்றிங்கள வெச்சு பண்ணது. பீட்டர் ஸ்டைகர்னு காது ஆராய்ச்சி பண்ற ஒருத்தர், அவர் குழு இதத்தான் 2015ல சோதிச்சு பாத்தாங்க. எலிங்களுக்கு பாக்டீரியாவோட மேலுறைல இருக்கிற எண்டோடாக்சின கொஞ்சமா குடுத்து உடம்புல அழற்சிய உண்டாக்குனாங்க. வெறும் அழற்சி மட்டும் இருந்த எலிக்கு காது நல்லாதான் இருந்துச்சு. கானாமைசினோட அழற்சியும் சேந்த எலிக்கு, மருந்து மட்டும் போட்ட எலிய விட காது அதிகமா போச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா ரத்தத்துல மருந்தோட அளவு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், ஆனா காக்ளியாக்குள்ள போன அளவு மட்டும் கூடிடுச்சு. ரத்தத்துக்கும் உள்காதுக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, அது ஒடஞ்சும் போகல, ஆனாலும் அழற்சி இருக்கறப்ப அது வழியா மருந்து கூடுதலா உள்ள ஏறுது.

எலில பாத்தது மனுஷனுக்கு அப்படியே வரும்னு சொல்ல முடியாது. ஆனா எனக்கு இதுலருந்து கெடைக்கிற பாடம் இதுதான்: "ரத்தத்துல மருந்து லெவல் டெஸ்ட் நார்மல், அதனால காதுக்கு ஒண்ணும் ஆகாது"னு யாராவது சொன்னா அது பாதி உண்மை. ரத்தத்த அளந்தா கிட்னியோட கதை தெரியும், காதோட கதைக்கு காத அளக்கணும்.

இன்னொண்ணு, ஐசியுல இருக்கிற ஆளுக்கு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்து சேரும். கிட்னி மந்தமா இருக்கும், மருந்து வெளிய போக லேட்டாகும், நீர் பிரியலனு லாசிக்ஸ் ஏத்துவாங்க, கூட வான்கோமைசினும் ஓடும், சுத்தி மெஷின் சத்தம் ராத்திரி பகலா. அமினோகிளைகோசைட்டும் லாசிக்ஸும் சேந்தா ஒண்ணு கூட ஒண்ணு ரெண்டு இல்ல, அதுக்கு மேல. பெரிய சத்தமும் இந்த ஊசியும் சேந்தாலும் அப்படித்தான்.

அப்ப காது போனது நோயாலயா மருந்தாலயா? ஆஸ்பத்திரிக்காரங்க நோயாலனு சொல்றாங்க

அவங்க சொல்றது பல சமயம் சரியாவும் இருக்கும். மூளைக்காய்ச்சல், அதாவது மெனிஞ்சைட்டிஸ் வந்தா அந்த அழற்சியே நேரா உள்காதுக்குள்ள போயி காத அடிச்சிடும், மருந்துக்கு அதுல பங்கே இல்லாம. அதனாலதான் சில வகை மெனிஞ்சைட்டிஸ்ல ஆன்டிபயாடிக்கோட டெக்ஸாமெத்தசோன்னு ஸ்டீராய்டும் ஆரம்பத்துலயே சேத்து குடுக்குறாங்க, காது போறது கொறையுது. ஊசிக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்து வெச்சிருந்தா இந்த சண்டையே வராது. இல்லாதப்ப ஆடியோகிராம, அதாவது காது டெஸ்ட் வரைபடத்த பாத்து நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான்: ரெண்டு காதும் ஒரே மாதிரி, கீச்சு சத்தத்துல அதிகமா கொறஞ்சிருந்தா மருந்து மேல சந்தேகம் வரும். அவ்ளோதான். கோர்ட்டுக்கு போற மாதிரி ஆதாரம் இல்ல அது.

ஒரே ஒரு ஊசில காது போகுமா?

பொதுவா இல்ல. எத்தன நாள், மொத்தம் எவ்ளோ டோஸ், இதப் பொறுத்துதான். ஆனா சிலருக்கு போகும், அதுக்கு காரணம் பிறப்புலயே இருக்கு. மைட்டோகாண்ட்ரியா மரபணுல 1555ஆவது எடத்துல ஒரு எழுத்து மாறியிருக்கும், 1993ல கண்டுபிடிச்சாங்க. அந்த மாற்றம் இருக்கறவங்களுக்கு மருந்து சரியான டோஸ்ல இருந்தாலும் காது சட்டுனு போயிடலாம். மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டருந்து மட்டும்தான் வரும், அப்பாகிட்டருந்து வராது. அதனால அம்மா, அம்மாவோட அம்மா, மாமா, சித்தி, பெரியம்மா இவங்கள்ல யாருக்காவது ஊசி போட்டதுக்கு அப்பறம் காது போச்சானு வீட்டுல கேட்டு வைங்க. "சின்ன வயசுல ஜுரம் வந்து ஊசி போட்டாங்க, அப்பறம் காது கேக்கல"னு ஒரு கதை நெறைய குடும்பத்துல இருக்கும், யாரும் அத டாக்டர்கிட்ட சொல்றதில்ல. சொல்லுங்க, டாக்டர் வேற ஆன்டிபயாடிக் இருக்கானு பாப்பாரு.

இங்கிலாந்துல மான்செஸ்டர்ல பச்சக்குழந்தை ஐசியுல கன்னத்து உள்பக்கம் பஞ்சால தொட்டு 26 நிமிஷத்துல இந்த மாற்றம் இருக்கானு சொல்ற டெஸ்ட கொண்டு வந்தாங்க, 2022ல ரிசல்ட் வந்துச்சு. ஏன் அவ்ளோ அவசரம்னா செப்சிஸ் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் போயாகணும், ரிப்போர்ட் வரட்டும்னு காத்திருக்க முடியாது.

எங்க அப்பாக்கு அந்த காலத்துல டிபி ஊசி போட்டாங்க, இப்ப காது மந்தம். அதனாலயா?

இருக்கலாம். வயசாலயும் இருக்கலாம், ரெண்டும் சேந்தும் இருக்கலாம். டிபி திரும்ப வந்தவங்களுக்கு நம்ம ஊர்ல வாரம் 3 ஊசின்னு 2 மாசம் ஸ்ட்ரெப்டோமைசின் ரொம்ப வருஷம் போட்டாங்க. சென்னை சேத்துப்பட்டுல 1956ல ஆரம்பிச்ச டிபி ஆராய்ச்சி நிலையத்துலயே 1960கள்ல ஸ்ட்ரெப்டோமைசின வாரத்துக்கு 2 தடவ ஐசோநயசிட் மாத்திரையோட குடுத்து பாத்தாங்க, நல்லா வேல செஞ்சுது, டிபிய பொறுத்தவரைக்கும் நம்ம ஊர் ஆராய்ச்சி உலகத்துக்கே வழி காட்டுச்சு. பல மருந்துக்கு அடங்காத டிபிக்கு நெலம இன்னும் கஷ்டமா இருந்துச்சு, கானாமைசின் 6 மாசத்துக்கு மேல தெனமும் போட வேண்டியிருந்துச்சு, டிபி போச்சு, பல பேருக்கு காதும் போச்சு.

இப்ப மாறிடுச்சு. கானாமைசின் வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2018-19ல சொல்லிடுச்சு, பெடாக்குவிலின் மாதிரி மாத்திரைங்க வந்துடுச்சு, இந்தியாலயும் இப்ப மாத்திரை மட்டுமே இருக்கிற முறைக்கு மாறிட்டாங்க. அந்த மாத்திரைங்களுக்கும் பக்கவிளைவு இருக்கு, இசிஜி பாக்கணும், ரத்தம் பாக்கணும். ஆனா காத விலையா கேக்கல. வேற வழியே இல்லாம அமிக்காசின் போட்டாதான் காது டெஸ்ட் கூடவே ஓடணும். உங்க வீட்டுல யாருக்காவது இப்ப டிபிக்கு ஊசி எழுதியிருந்தா ஏன் ஊசினு மரியாதையா ஒரு வார்த்த கேளுங்க.

கீமோ எடுக்கிறப்ப காதுல ங்கொய்ங்னு சத்தம் வருது

சிஸ்பிளாட்டினா இருந்தா அடுத்த கீமோக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. "கேன்சர விட இது பெருசா"னு நெறைய பேர் சொல்லாமலே விட்டுடுறாங்க. டோஸ மாத்தலாமா, கார்போபிளாட்டின்ங்கிற வேற மருந்துக்கு போலாமானு அவங்க முடிவு பண்ணுவாங்க, எல்லா கேன்சருக்கும் மாத்த முடியாது, ஆனா முடிவு பண்ண அவங்களுக்கு தகவல் வேணுமே. சிஸ்பிளாட்டினும் காக்ளியாக்குள்ள அழற்சிய கெளப்பி விடுது, போதாததுக்கு வருஷக்கணக்குல அங்கயே தங்குது, கீமோ முடிஞ்சதும் காது டெஸ்ட நிறுத்தாதீங்க.

குழந்தைங்களுக்கு இதுல ஒரு நல்ல சேதி உண்டு. சோடியம் தயோசல்ஃபேட், சிஸ்பிளாட்டின் ஏத்தி முடிச்சு 6 மணி நேரம் கழிச்சு குடுக்குறது. ஈரல் கேன்சர் வந்த குழந்தைங்கள வெச்சு நடந்த ஆராய்ச்சி 2018ல வந்துச்சு, வெறும் சிஸ்பிளாட்டின் எடுத்தவங்கள்ல 63 சதவீதம் பேருக்கு காது கொறஞ்சுது, இது சேத்து எடுத்தவங்கள்ல 33 சதவீதம்தான். அமெரிக்கால 2022ல அனுமதி குடுத்தாங்க, பரவாத கட்டி இருக்கிற குழந்தைங்களுக்கு மட்டும். உங்க குழந்தைக்கு பொருந்துமானு புற்றுநோய் டாக்டர்தான் சொல்லணும்.

பொறந்த கொழந்தைய என்ஐசியுல வெச்சு ஜென்டாமைசின் போட்டாங்க

பெரும்பாலான கொழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, மொதல்ல மூச்ச விடுங்க. ஆனா 5 நாளுக்கு மேல போட்டிருந்தா அந்த கொழந்தைய ரிஸ்க் லிஸ்ட்ல வெக்கணும். டிஸ்சார்ஜ் ஆகுறப்ப ஓஏஇ டெஸ்ட் (உள்காது செல்லுங்கள பாக்குறது) மட்டும் பத்தாது, பெரா டெஸ்ட்டும் (காது நரம்புலருந்து மூளைக்கு சத்தம் போகுதானு பாக்குறது) கேளுங்க. பாஸ் ஆனாலும் மறுபடி வர சொன்ன தேதிக்கு வாங்க, லேட்டா கொறையறதும் உண்டு. "நல்லாதான் திரும்பி பாக்குறான்"னு பாட்டி சொல்றது டெஸ்ட் ஆகாது, கைதட்டுனா காத்து அடிச்சும் திரும்புவான், நெழல் பாத்தும் திரும்புவான்.

எனக்கு காது கொறையுதுனு நானே எப்படி கண்டுபுடிக்கிறது?

இரைச்சல்தான் பல பேருக்கு மொத அறிகுறி, மெல்லிசா ஒரு ரீங்காரம், ராத்திரி ஃபேன நிறுத்துனா பெருசா தெரியும். அப்பறம் "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கனு புரியல". ஸ, ச, த, ஃப இந்த எழுத்துங்களோட சத்தம் மேல் அலைவரிசைல இருக்கு, அது மொதல்ல போகும். கல்யாண வீட்டுல, பஸ்ல, நாலு பேர் பேசுற எடத்துல திண்டாடுவீங்க, வீட்டுல ஒருத்தரோட ஒருத்தர் பேசுறப்ப ஒண்ணும் தெரியாது.

ஆனா இத நம்பி காத்திருக்காதீங்க. சாதாரண ஆடியோகிராம் 8 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பாக்கும், சேதம் அதுக்கு மேல ஆரம்பிக்கும். 16 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பாக்குற மெஷின் பெரிய ஊர்கள்ல இருக்கு, கெடைச்சா அதுல எடுங்க. கெடைக்கலனா சாதாரண டெஸ்ட்டே எடுங்க, ஒண்ணுமே இல்லாததுக்கு அது ஆயிரம் மடங்கு மேல். முக்கியம் என்னன்னா மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, நடுவுல, முடிஞ்சப்பறம் சில மாசம் கழிச்சு ஒண்ணு. மொத டெஸ்ட் இல்லனா மத்த டெஸ்ட்ட எதோட ஒப்பிடுறது?

காது கேக்குது, ஆனா நடந்தா தள்ளாடுது, இருட்டுல சுத்தமா முடியல

ஜென்டாமைசின் போட்டிருந்தா இத லேசா விடாதீங்க. ரெண்டு பக்கமும் பேலன்ஸ் உறுப்பு ஒரே மாதிரி கெடுறதால தலை கிறுகிறுனு சுத்தாது, அதனால டாக்டரும் கோட்ட விட்டுடுவாரு, "பலவீனம், சத்து மாத்திரை சாப்பிடுங்க"னு அனுப்பிடுவாங்க. நடக்கறப்ப எதிர்ல இருக்கிற போர்டு ஆடுற மாதிரி தெரியுதா, கண்ண மூடுனா, இருட்டுல, மணல்ல கால் வெச்சா நிக்க முடியலயா, இத அப்படியே இஎன்டி டாக்டர்கிட்ட சொல்லுங்க. பேலன்ஸுக்குனு தனி பிசியோதெரபி இருக்கு, போன உறுப்பு வராது, ஆனா கண்ணும் காலும் அந்த வேலைய கத்துக்கும்.

ஹார்ட்டுக்கு தெனமும் ஆஸ்பிரின் சாப்பிடுறேன், மூட்டு வீக்கத்துக்கு ப்ரூஃபென். காது போயிடுமா?

ஹார்ட்டுக்கு சாப்பிடுற 75, 150 மில்லிகிராம்ல காதுக்கு பொதுவா ஒண்ணும் இல்ல, பயந்து நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. ஒரு நாளைக்கு பல கிராம் சாப்பிடுறப்பதான் இரைச்சல் வரும், மருந்த கொறச்சா திரும்பிடும். வலி மாத்திரை பத்தி: அமெரிக்க நர்ஸ்கள வெச்சு 2012ல வந்த ஆராய்ச்சில ஐபுப்ரோஃபெனோ (அதுதான் ப்ரூஃபென்) பாராசிட்டமாலோ வாரத்துல 2 நாளோ அதுக்கு மேலயோ சாப்பிட்ட பெண்களுக்கு காது கொறையற வாய்ப்பு கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சுது. அதனாலதான் போச்சுனு அது நிரூபிக்கல. ஆனா மெடிக்கல்ல தானா வாங்கி வருஷக்கணக்குல முழுங்குறவங்க காதுக்காக இல்லாட்டியும் கிட்னிக்காகவாவது டாக்டர பாருங்க.

இதுல ஒரு வேடிக்க: அதே ஆஸ்பிரின சீனால ஜென்டாமைசின் போட்டவங்களுக்கு கூடவே குடுத்து பாத்தாங்க, 2006ல வந்த ஆராய்ச்சி, ஆஸ்பிரினுக்கு பதிலா மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 13 சதவீதம் பேருக்கு காது கொறஞ்சுது, ஆஸ்பிரின் சாப்பிட்டவங்கள்ல 3 சதவீதம். காத கெடுக்குற லிஸ்ட்ல இருக்கிற மருந்தே காத காப்பாத்துது. இத படிச்சிட்டு யாரும் தானா ஆஸ்பிரின் போட்டுக்காதீங்க, வயித்துல ரத்தம் கசியும், இது இன்னும் வழக்கமான சிகிச்சையா வரல.

காதுல ஊத்துற சொட்டு மருந்து?

செவிப்பறை முழுசா இருந்தா பிரச்சன இல்ல. ஓட்ட இருந்து சீழ் வடியுறப்ப ஜென்டாமைசின், நியோமைசின் சொட்டு உள்ள போயி உள்காத தொடும், அதனால அந்த மாதிரி காதுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டுதான் பாதுகாப்பு. வீட்டுல மிச்சம் இருக்கிற பழைய சொட்டு, சூடு பண்ண எண்ணெய், பூண்டு எண்ணெய் இதெல்லாம் வேணாம். ஓட்ட இருக்கா இல்லையானு வெளிலருந்து பாத்தா உங்களுக்கு தெரியாது.

அப்ப ஊசிய நிறுத்திடலாமா?

கூடாது. செப்சிஸ்ல ஊசிய நிறுத்துனா உயிர் போகும். நீங்க பண்ண வேண்டியது கேக்குறது: வேற மருந்து இருக்கா, எத்தன நாள் போடணும், கிட்னி டெஸ்ட் பாத்தீங்களா, கூட லாசிக்ஸ் ஓடுதா, காது டெஸ்ட் எப்ப எடுக்கலாம். நோயாளி மயக்கத்துல இருந்தா கூட இருக்கிறவங்க கேளுங்க. சில டாக்டர் எரிச்சல் படுவாங்க, படட்டும்.

போன காது திரும்புமா? ஸ்டீராய்டு, வைட்டமின், நரம்பு ஊசி?

லாசிக்ஸ், ஆஸ்பிரின், குயினைனால வந்தது பெரும்பாலும் திரும்பும். அமினோகிளைகோசைட், சிஸ்பிளாட்டினால செத்த மயிர்செல் திரும்பாது. கோழிக்கு, மத்த பறவைங்களுக்கு அந்த செல் மறுபடி முளைக்கும், 1980கள்லயே தெரிஞ்சிடுச்சு, நமக்கு முளைக்காது. பி12 ஊசிக்கு மாசா மாசம் காசு குடுக்குறவங்கள பாத்தா பாவமா இருக்கு, அந்த காச ஹியரிங் எய்டுக்கு சேத்து வைங்க. மருந்தால போன காதுல நரம்பு பெரும்பாலும் உயிரோட இருக்கும், அதனால எய்டு பத்தாத அளவுக்கு போனவங்களுக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வெக்கிற கருவி) நல்லா வேல செய்யும்.

ஒண்ணு மட்டும் தனி: எந்த ஊசியும் போடாம ஒரு காது திடீர்னு, 3 நாளுக்குள்ள அடைச்ச மாதிரி போனா அது வேற வியாதி. அதுக்கு ஸ்டீராய்டு உண்டு, சீக்கிரம் ஆரம்பிக்கணும். அழுக்கு அடைச்சிருக்கும்னு நெனச்சு வாரக்கணக்குல விடாதீங்க, அன்னிக்கே இஎன்டிக்கு போங்க.

மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் கெடைக்குமா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ரெண்டு காதுலயும் பேச்சு அலைவரிசைல 60லருந்து 70 டெசிபல் வரைக்கும் கொறஞ்சா கேட்கும் திறன் குறைந்தவர், 70 டெசிபல் கொறஞ்சா காது கேளாதவர். மருந்தால போன காதுல சிக்கல் என்னன்னா கீச்சு சத்தம் 90 டெசிபலுக்கு போயிருக்கும், கீழ் அலைவரிசை நல்லா இருக்கும், சராசரி போட்டா 45தான் வரும், சர்டிபிகேட் கெடைக்காது, ஆனா கூட்டத்துல ஒரு வார்த்த புரியாது. அப்படி இருக்கறவங்க ஆடியோகிராம பத்திரமா வெச்சுக்கிட்டு வருஷா வருஷம் டெஸ்ட் எடுங்க, கொறைய கொறைய மறுபடி விண்ணப்பிக்கலாம்.